ஒரு கிலோ தொண்ணூறு கிராம்

நண்டு நிறுக்கிற தராசில்தான் வைத்துப் பார்த்தேன்,
கம்பெனியில் யாரும் இல்லாத ஞாயிறு மத்தியானம்.
குண்டு நிரப்பி, ஒரு கிலோ தொண்ணூறு கிராம்.
நீலக்கால் நண்டில் ஏழு உருப்படி.
பெரிசாக இருந்தால் ஆறு.

நாற்பத்தைந்து போர். பதின்மூன்று குண்டு கொள்ளும்.
வாங்கியவர் இன்னாசி.
எதுக்குப் பதிமூணு என்றேன்.
"வர்றவன் ஒத்தையிலயா வருவான், செங்கோலு?"
ஒத்தையில்தான் வந்தது.
சோலியக்குடி ஏலக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
ஐஸ் பெட்டி மேல் அவர் சரிந்தபோது
பிஸ்டல் இடுப்பில்தான் இருந்தது,
பூட்டுப் போட்டபடி.

லைசென்ஸ் என் பேருக்கு மாற இரண்டு வருஷம்.
ராமநாதபுரத்தில் ஒரு அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு
"பொம்பளைக்கு எதுக்கும்மா இவ்வளவு பெருசு?" என்றார்.
சின்னது மாட்டினால் நாங்கள் கடலிலேயே விட்டுவிடுவோம் சார்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கையெழுத்து வேண்டியிருந்தது.

ஆண்களுக்கு பெல்ட் இருக்கிறது.
சேலையில் எங்கே வைப்பது?
கைப்பையில், ஏலப் பணத்துக்கும் இட்லி டப்பாவுக்கும் நடுவே
துண்டு சுற்றிக் கிடக்கும்.
கூடவே சர்க்கரை மாத்திரை, கம்பெனிச் சாவி, ஜெபமாலை.
ஒருமுறை ஜெபமாலை போய் விசையில் சுற்றிக்கொண்டது.
மணி மணியாக விடுவித்தேன்,
எந்த ஜெபமும் சொல்லாமல்,
மூச்சும் விடாமல்.

கடல் யாருடைய லைசென்ஸையும் பார்ப்பதில்லை.
நாலு நாள் கவனிக்காவிட்டால் இரும்பில் துரு பூக்கும்.
ஞாயிறு பூசை முடிந்து வந்து கதவைச் சாத்துவேன்.
பழைய பேப்பர் விரித்து, கழற்றி, எண்ணெய் போட்டு,
குண்டுகளை வரிசையாக நிறுத்தி எண்ணுவேன்.
பதின்மூன்று.
என் தொழிலில் குறையாத கணக்கு இது ஒன்றுதான்.

மார்கழியில் ஒரு நாள், விடிய மூன்றரை.
உப்பளத்து ரோட்டில் லைட் இல்லாத பைக் ஒன்று
என் வண்டிக்குப் பின்னால்.
வேகம் கூட்டினேன், அதுவும் கூட்டியது.
நின்றேன்.
பைக்குள் விட்ட கையில் முதலில் பட்டது இட்லி டப்பா.
அடுத்துப் பட்டதை எடுத்து முந்தானைக்குள் பிடித்தேன்.
பெருவிரல் பூட்டைத் தட்டிவிட்டது.
நான் சொல்லவில்லை அதற்கு.

"அக்கா, கணக்கு நோட்டை விட்டுட்டு வந்துட்டீங்க."

களஞ்சியம். ஏலம் எழுதுகிற பையன்.
குளிரில் காதை மூடித் துண்டு கட்டியிருந்தான்.
நோட்டை வாங்கிக்கொண்டேன்.
"எடது கையில வாங்குறீங்க, எம்மேல கோவமாக்கா?"

தையில் அவன் கல்யாணம்.
மொய் நோட்டில் ஆயிரத்தொன்று என்று எழுதச் சொல்லி
பிறகு ஐயாயிரத்தொன்று என்று திருத்தச் சொன்னேன்.
எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார்.
களஞ்சியம் காலில் விழ வந்தான்.
வேண்டாம்டா என்று கத்திவிட்டேன்.
மேளம் கூட ஒரு தட்டு நின்றது.

அப்புறம் எலெக்‌ஷன்.
தொண்டி ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ்.
ஏட்டு பாண்டிக்கண்ணு ரசீது எழுதினார்:
பிஸ்டல் ஒன்று, குண்டு பதின்மூன்று.
"முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்கம்மா."
வெளியே வந்தால் நடை சரியில்லை.
பை காற்றாய் ஆடுகிறது,
தோள் மட்டும் பழகின பக்கமே சாய்கிறது.
பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கிப்
பைக்குள் போட்டேன்.
தொண்ணூறு கிராம் குறைச்சல். இருக்கட்டும்.

ரிசல்ட் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது.
ரசீது கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது.
நேற்று ஏட்டு போன் போட்டார்.
நண்டு சீசன் சார், நேரமில்லை என்றேன்.
அவர் சிரித்தார். பயப்படாமல் தூங்குறீங்களா என்றார்.

இன்று விடிய, அதே ரோடு.
பின்னால் ஒரு வெளிச்சம் வந்தது.
ஓரங்கட்டி நின்றேன். கை தானாகப் பைக்குள் போனது.
பால் வண்டி.
ஹாரன் அடித்துத் தாண்டிப் போன பிறகும்
பிடி விடவில்லை விரல்கள்.
பாக்கெட் பிய்ந்து
மாத்திரை மேல், சாவி மேல், ஜெபமாலை மேல்
பை முழுக்க உப்பு.